குறைய வேண்டிய மார்க்

போன வருஷம் மழைக்காலத்தில் நாற்பத்தாறு நாள் நான் மனநல ஆஸ்பத்திரியில் இருந்தேன். எங்கள் தெருவில் அந்த ஆஸ்பத்திரிக்கு வேறு பெயர் சொல்வார்கள். அந்தப் பெயருக்குப் பயந்தே ஐந்து மாதம் போகாமல் இருந்தேன். போய் வந்தவர்கள் யாராவது உள்ளே என்ன நடக்கிறது என்று எழுதி, அது என் கைக்குக் கிடைத்திருந்தால் முன்னாலேயே போயிருப்பேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு முப்பத்து மூன்று வயது. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் ஒரு தமிழ் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வீட்டுக்காரர் முனிரத்தினம், குடிநீர்க் குழாய் பழுது பார்க்கும் ஃபிட்டர். ஒரே மகள் மல்லிகா, எட்டு வயது. எங்களோடு அவருடைய அக்கா கன்னியம்மாவும் இருக்கிறார். கணவனை இழந்தவர், மார்க்கெட்டில் பூ விற்கிறவர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். குடிக்காத புருஷன், சண்டையில்லாத வீடு, மாதம் பிறந்தால் சம்பளம். நோய் வந்த பிறகு என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் "உனக்கு இன்னாம்மா குறை?" என்றுதான் கேட்டார்கள். நானும் அதையேதான் என்னைக் கேட்டுக்கொண்டேன். குறை எதுவும் இல்லாமல் இப்படி இருக்கிறேன் என்றால் குற்றம் என்னுடையதுதான் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

பங்குனியில் ஆரம்பித்தது. முதலில் தூக்கம் போனது. பிறகு ருசி போனது. ரேஷன் கோதுமையில் செய்த களியும் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பும் வாயில் ஒன்றுபோலவே இருந்தன. திருத்த வேண்டிய நோட்டுகள் மேஜையில் ஏறிக்கொண்டே போயின. முன்பெல்லாம் நாற்பது நோட்டை ஒரே மூச்சில் முடிப்பவள், ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். தெருமுனை டாக்டர் ரத்தம் குறைவு என்று டானிக்கும் ஊசியும் கொடுத்தார். அண்ணி சிவாஜிநகர் தர்காவுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். டானிக்கும் கயிறும் எனக்காக அலைந்தவர்களின் அன்புதான். அன்று அது என் கண்ணில் படவில்லை.

ஆடி மாதம் ஒரு மாலை, பள்ளி விட்ட பிறகும் நான் வகுப்பறையிலேயே உட்கார்ந்திருந்தேன். பியூன் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"சரோஜா, எழுந்திரு. வூட்டுக்குப் போலாம்."

"எழுந்திருக்க முடியலங்க."

"கால் வலிக்குதா?"

"இல்ல. எழுந்து போயி இன்னா பண்றதுன்னு தெரியல."

அவர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சிறிய பெஞ்சில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். இருட்டுகிற வரைக்கும் இருவரும் அப்படியே இருந்தோம். கடைசியில் சொன்னார்: "நான் ஒரு டாக்டரம்மாகிட்ட பேசி வெச்சிருக்கேன். கோவப்படாத."

அந்த ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் குழாய் உடைந்து இவர் வேலைக்குப் போயிருக்கிறார். வீட்டில் இருந்த டாக்டரம்மா குடிக்க மோர் கொடுத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றவர், "எங்க வூட்டம்மா சிரிக்கறதில்லம்மா" என்று சொல்லிவிட்டாராம். கேள்வி கேட்கவும் தெரியவில்லை, நோயின் பெயரும் தெரியவில்லை. அந்த ஒரு வாக்கியம்தான். "கூட்டிட்டு வாங்க" என்றிருக்கிறார்கள்.

இரண்டு பஸ் மாறி ஊரின் தெற்குக் கோடிக்குப் போனோம். காத்திருக்கும் கூடத்துக்குள் நுழையும்போது அண்ணி என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார். சங்கிலியும் கூச்சலும் இருக்கும் என்று அவரும் பயந்திருந்தார், நானும்தான். அங்கே கோலாரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வந்தவர்கள் டிபன் கேரியரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மாள் மகனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார், பக்கத்தில் இருந்த அவருடைய தம்பி எல்லாவற்றுக்கும் "ஆமாண்ணா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிற மாதிரி, நம்பர் கூப்பிடுகிறார்களா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள்.

மோர் கொடுத்த அந்த டாக்டர் நாகரத்னாவுக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாகத்தான் இருக்கும். கன்னடக்காரர். தமிழ் பேசுவார், பாதியில் கன்னடம் நுழைந்துவிடும். ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். உடம்பில் வேறு நோய் இருந்தாலும் மனம் இப்படிச் சோர்ந்து போகலாமாம்; அது இல்லை என்று முதலில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டுமாம். நான்காம் நாள் எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"இதுக்குப் பேரு டிப்ரெஷன். துக்கம் எல்லாருக்கும் வரும், போகும். இது போகாம உட்கார்ந்துட்டது. சளி ஜுரம் மாதிரி இதுவும் ஒரு காயிலெ. உங்க தப்பு அல்ல."

காயிலெ என்றால் கன்னடத்தில் நோய். அண்ணி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் என் கன்னத்தைத் தொட்டு, "காயிலெயாம்டி. பேயும் இல்ல, பிசாசும் இல்ல. காயிலென்னா மருந்து இருக்கும்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. டாக்டருக்கு இரக்க சுபாவம், அதனால் என் சோம்பேறித்தனத்துக்கு நல்ல பெயர் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

பெண்கள் வார்டில் கட்டில் கொடுத்தார்கள். பகலில் அண்ணி கூட இருக்கலாம். அவர் தன் பூக்கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார்.

மறுநாள்தான் அந்தக் கேள்வித்தாள் வந்தது. சில வருஷங்களுக்கு முன் அமெரிக்காவில் தயாரித்ததாம். தெர்மாமீட்டரை நர்ஸ் பார்ப்பாள். இதில் நோயாளியே தன்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தூக்கம், பசி, அழுகை, குற்ற உணர்ச்சி என்று இருபதுக்கு மேல் பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் நாலு வாக்கியங்கள். முதல் வாக்கியம் ஒன்றுமில்லை என்று சொல்லும், அதற்குச் சைபர். நாலாவது மிகவும் மோசம் என்று சொல்லும், அதற்கு மூன்று. நமக்குப் பொருந்துகிற வாக்கியத்தைச் சொன்னால் கடைசியில் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை ஏற ஏற நோய் கடுமை. பள்ளிக்கூடத்து மார்க்குக்கு நேர்மாறு. இங்கே குறைய வேண்டும்.

தாள் இங்கிலீஷில் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. நர்ஸ் ஸ்டெல்லா, நீலசந்திராவைச் சேர்ந்த தமிழ்ப் பெண், படித்து வாய்மொழியாகத் தமிழில் சொன்னாள். ஒரு பக்கம் வீட்டுக்காரர், இன்னொரு பக்கம் அண்ணி. ஸ்டெல்லா நல்லவள், குரல்தான் கணீரென்று இருக்கும்.

"டீச்சர், உங்க மேலயே உங்களுக்கு வெறுப்பா இருக்கா? இல்லையா, கொஞ்சமா, ரொம்பவா?"

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். "இல்லை" என்றேன்.

"உயிரோட இருக்கவேணாம்னு எப்பவாச்சும் தோணுச்சா?"

வீட்டுக்காரர் தலையைக் குனிந்து தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நாளாக வேலைக்குப் போகாமல் இங்கே நிற்கிற மனிதர். அவர் எதிரில் என்னவென்று சொல்வது?

"இல்லை."

பன்னிரண்டு வருஷம் பரீட்சை வைத்தவள் நான். வாத்தியாருக்கு எந்த விடை பிடிக்கும் என்று பார்த்து எழுதுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அன்று நானே அப்படி ஒரு பிள்ளை ஆனேன். கூட்டுத்தொகை ஒன்பது வந்தது. ஒன்பது என்றால் லேசானது என்று அர்த்தமாம். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம், மாத்திரையை அங்கேயே சாப்பிடட்டும் என்றார். அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார்.

வியாழக்கிழமை காலை டாக்டர் நாகரத்னா என் கட்டிலருகே வந்து நின்றார். தட்டில் இட்லி அப்படியே இருந்தது.

"பேப்பர் எல்லாம் சென்னாகி, நல்லாவே இருக்குன்னு சொல்லுது," என்றார். "இட்லி வேற சொல்லுது. நேத்தும் இதே கதை."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"இங்கிலீஷ் பேப்பரை ஸ்டெல்லாவும் நம்ம ஆபீஸ் கிளார்க்கும் உட்கார்ந்து தமிழ்ல எழுதினாங்க. நீங்களே படிச்சு நீங்களே போடுங்க. அண்ணியை நான் காப்பி குடிக்கக் கூட்டிட்டுப் போறேன். யாரும் பக்கத்துல வரமாட்டாங்க."

வராந்தாவில் ஒரு மேஜை போட்டு, பென்சிலும் தாளும் வைத்துவிட்டுப் போனார்கள். தாளைப் பார்த்தேன். முதல் வரியிலேயே மூன்று பிழை. 'சந்தோசம்' என்றிருந்தது. 'முண்பு போல' என்றிருந்தது. ஒருமையில் ஆரம்பித்த வாக்கியம் பன்மையில் முடிந்தது. என் கை தானாகப் பென்சிலை எடுத்தது. ஐந்து மாதத்தில் யாரும் சொல்லாமல் நான் செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். சுழித்தேன், அடித்தேன், மேலே எழுதினேன். நான் திருத்துகிறேனே தவிர விடை சொல்லவில்லை என்ற எண்ணம் ஒரு தைரியத்தைக் கொடுத்தது.

உயிரோடு இருப்பதைப் பற்றிக் கேட்கும் அந்தப் பகுதிக்கு வந்தேன். கிளார்க்குக்குச் சாவு என்று எழுதக் கூச்சமாக இருந்திருக்கும். நாலாவது வாக்கியத்தை 'எனக்கு உயிரைப் பற்றிக் கவலை இல்லை' என்று எழுதியிருந்தார். இதற்கு இரண்டு பொருள் வருகிறதே, தைரியசாலிகூட இப்படித்தானே சொல்வான் என்று அதை அடித்தேன். சரியான வாக்கியத்தை மேலே எழுத வேண்டும். யோசித்தேன். எழுதினேன்.

'நான் இல்லாமல் போய்விட்டால் நல்லது என்று நினைக்கிறேன். என் மகளை அவளுடைய அத்தை நன்றாகவே வளர்ப்பார்.'

எழுதி முடித்த பிறகுதான் படித்தேன். முதல் வாக்கியத்தில் பிழை இல்லை. இரண்டாவது வாக்கியம் எந்தக் கேள்வித்தாளிலும் இருக்க முடியாது. அது என்னுடையது. கையெழுத்தும் என்னுடையது. கரும்பலகையில் எழுதுவதுபோல் ஒழுங்காக, வட்டம் வட்டமாக இருந்தது. பென்சிலை வைத்துவிட்டேன். பிறகு மறுபடி எடுத்து அந்த எண்ணைச் சுழித்தேன். பின்னால் போய், முன்பு தாண்டிவந்த எல்லாவற்றிலும் உண்மையைச் சுழித்தேன்.

டாக்டர் வந்தார். படித்தார். பதறவில்லை, அதற்காக இன்றும் நன்றி சொல்கிறேன். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் தோள் அவர் தோளில் படுகிற மாதிரி உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா இது மனசுல?"

"சித்திரையிலேர்ந்து."

"யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"இப்ப எனக்குத் தெரியும். இனிமே நீங்க ஒருத்தரே இதைச் சுமக்க வேண்டாம்."

நான் அழுதேன். ஐந்து மாதத்தில் அழுகைகூட வராமல் இருந்தது. அவர் காத்திருந்தார். பிறகு கூட்டினார். முப்பத்தேழு. "இதான் நிஜ பேப்பர்," என்றார். "தப்பு எங்களுது. வீட்டு ஜனங்களை நிறுத்திவெச்சு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது." நோயாளியிடம் தப்பு எங்களுது என்று ஒரு டாக்டர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போவது நின்றது. என் கட்டில் நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் மாறியது. ஸ்டெல்லா அரை மணிக்கு ஒரு தரம் ஏதாவது சாக்கு வைத்து வந்து பேசிவிட்டுப் போவாள். வீட்டுக்காரரிடம் சொல்லலாமா என்று டாக்டர் என்னைக் கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். சொல்ல வாய் வரவில்லை. தாளைக் காட்டினேன்.

அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். விரல் வைத்து மெதுவாகப் படித்தார். நீண்ட நேரம் அந்த இடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"அக்கா வளக்கும். நல்லாத்தான் வளக்கும்," என்றார். "அம்மான்னு யாரக் கூப்புடும் சரோஜா, அந்தப் புள்ள?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அடுத்த பல நாட்களைக் கடந்தேன்.

இமிப்ரமின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். மனச்சோர்வுக்கென்று புதிதாக வந்த மருந்து. தலைவலி மாத்திரை மாதிரி உடனே கேட்காது, இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பலன் வருவதற்கு முன் தொல்லை வந்தது. வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது, கை நடுங்கியது, மலச்சிக்கல். அண்ணி நாரத்தங்காய் ஊறுகாயைத் துண்டு துண்டாக்கிக் கொண்டுவந்து, "வாயில அடக்கிக்கோ, எச்சி ஊறும்" என்பார். செவ்வாய்க்கிழமைதோறும் கேள்வித்தாள். பத்தாம் நாள் முப்பத்தெட்டு. ஏறியிருந்தது. எனக்கு எதுவுமே கேட்காது என்று தோன்றிவிட்டது. மருந்து கேட்கவில்லை என்றால் தலையில் கரண்ட் வைப்பார்கள் என்று பக்கத்துக் கட்டில் அம்மாள் சொன்னார். டாக்டரிடம் கேட்டேன். தூங்க வைத்துவிட்டுத்தான் செய்வார்கள், சில பேருக்கு அதுதான் உயிர் கொடுக்கிறது, உங்களுக்கு இன்னும் அவசியம் வரவில்லை என்று நிதானமாக விளக்கினார். எனக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாளுக்குச் செய்தார்கள்; அவர் எனக்கு முன்னால் குணமாகி வீட்டுக்குப் போனார்.

இதற்கிடையில் டாக்டர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். கேள்வித்தாளின் தமிழைச் சரிசெய்ய வேண்டும். பிழை திருத்துவது பெரிய காரியமில்லை. ஆனால் 'நான் சோகமாக இருக்கிறேன்' என்ற வரியைப் படித்துக் காட்டியதும் அண்ணி சிரித்துவிட்டார்.

"சோகமாம். அது சினிமாவுல வர்றவங்களுக்கு. நம்ம ஜனம் எங்க சோகம்னு சொல்லுது?"

"வேற எப்படிச் சொல்லுவாங்க அண்ணி?"

"மனசு கனமாகீதுன்னு சொல்லும். நெஞ்சு அடைக்குதுன்னு சொல்லும். ஒண்ணும் புடிக்கலன்னு சொல்லும்."

வார்டில் தமிழ் பேசுகிற பெண்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒவ்வொரு கட்டிலாகப் போய், உங்களுக்கு எப்படி இருந்தது, என்ன வார்த்தை சொன்னீர்கள் என்று கேட்டேன். கேட்கப் போன இடத்தில் அவர்கள் சொன்னதெல்லாம் என் கதையாக இருந்தது. ஒருத்தி, சமைத்ததை ருசி பார்க்கக்கூட அலுப்பாக இருந்தது என்றாள். இன்னொருத்தி, குழந்தை அழுவது எங்கேயோ தூரத்து வீட்டில் அழுவதுபோல் கேட்டது என்றாள். நான் மட்டும்தான் உலகத்திலேயே இப்படிக் கெட்டவள் என்று நினைத்திருந்தேனே! 'மனசு கனமாக இருக்கிறது' என்று தாளில் எழுதினேன்.

நான்காவது வாரம் ஒரு மத்தியானம், அண்ணி கொண்டுவந்த ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு ஜாஸ்தி அண்ணி" என்றேன். அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். நான் கோபமோ என்று பயந்துவிட்டேன். "இன்னொரு வாட்டி சொல்லுடி," என்றார். "உப்பு ஜாஸ்தின்னு இன்னொரு வாட்டி சொல்லு." அன்று வார்டில் எல்லாரிடமும் தான் ரசத்தைக் கெடுத்துவிட்டதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தச் செவ்வாய் இருபத்தாறு. அடுத்தது பத்தொன்பது. ஞாயிற்றுக்கிழமை மல்லிகாவைக் கூட்டிவர அனுமதி கிடைத்தது. இரட்டைப் பின்னல், ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கழுத்தில். "அப்பாதான் போட்டுச்சு. பைப்பு திருவற மாதிரி இழுக்குதும்மா" என்றாள். விடியற்காலையே ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிடுகிற அண்ணி வீட்டில் இருக்கமாட்டார், அதனால் தினமும் வீட்டுக்காரரே பின்னியிருக்கிறார். நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்துவிட்டேன். வீட்டுக்காரர் திரும்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

புறப்படும் நாளன்று கடைசித் தாளில் பதினொன்று. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் அவமானமாக இருந்தது. சைபர் வாங்கிக் காட்ட வேண்டும் என்று ஆசை.

"இன்னும் பதினொண்ணு இருக்கே டாக்டர்?"

"இருக்கட்டும்," என்றார். "சைபர் போட்டிருந்தா உங்களை வீட்டுக்கு விட்டிருக்கமாட்டேன். சொல்ப பயம், சொல்ப அழுகை, அது எல்லாம் எனக்கும் இருக்கு. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க."

தாளை நம்பலாமா என்று இப்போது யாராவது கேட்டால், நாம் எவ்வளவு உண்மை சொல்கிறோமோ அவ்வளவு நம்பலாம் என்பேன். அதற்கு நிறைய உண்மை வேண்டும், பக்கத்தில் யாரும் இல்லாத ஒரு மேஜையும் வேண்டும்.

இரண்டு வாரம் வீட்டில் இருந்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். எங்கள் தலைமையாசிரியை கண்டிப்பானவர். பத்து வருஷமாக அவரோடு லீவு, ரிஜிஸ்டர் தவிர வேறு பேச்சு பேசியதில்லை. லீவு லெட்டரில் வீட்டுக்காரர் டைஃபாய்டு என்று எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தார். என் மானத்தைக் காப்பாற்றத்தான். மெடிக்கல் சர்டிஃபிகேட்டில் ஆஸ்பத்திரியின் முத்திரை இருந்தது. அதை மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"டைஃபாய்டுன்னு எழுதியிருந்தீங்களே?"

"டைஃபாய்டு இல்லம்மா. மனச்சோர்வு. நாற்பத்தாறு நாள் அங்கதான் இருந்தேன். இப்ப பரவாயில்ல, மாத்திரை சாப்பிடறேன்."

வேலை போய்விடுமோ, பிள்ளைகளை இவளிடம் விடலாமா என்று கேட்பாரோ என்று நின்றேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த டாக்டரம்மா எந்தெந்தக் கிழமை பாப்பாங்க?"

"செவ்வாயும் வெள்ளியும். காலையில எட்டு மணிக்குள்ள போயிடணும்."

"கூட வர்றவங்கள வெளிய அனுப்பிட்டுப் பேசுவாங்களா?"

"அனுப்பிடுவாங்கம்மா."

ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. மணி அடித்தது. நான் வகுப்புக்குப் போனேன்.